மெட்டல் பேண்டில் பாட்டு எழுதும் வேலையைப் பங்கிடுவது எப்படி: ரிஃப் முதல் பங்குத்தாள் வரை

புதிதாகச் சேர்ந்த பேண்டுகள் பாட்டு எழுத உட்காரும்போது வேலையை வாத்தியக் கணக்கில்தான் பிரிக்கின்றன. கிட்டாரிஸ்டுக்கு ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துணுக்கு), டிரம்மருக்குத் தாளம், பாடகருக்கு வரிகள், பேஸிஸ்டுக்கு மிச்சம். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஒரு பாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் பல வேலைகள் எந்த வாத்தியத்துக்கும் சேராதவை. எந்த ரிஃப் முதலில் வரவேண்டும், எத்தனை சுற்று வாசிக்கலாம், எங்கே சட்டென்று நிறுத்துவது, குரல் எங்கே நுழைவது? இவற்றுக்கு ஆள் இல்லாததால்தான் ஒத்திகை அறையில் ஆறு நிமிஷப் பாட்டில் நாலு நிமிஷம் சும்மா ஓடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி வேலையைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகள் உண்டு: யார் உருவாக்குகிறார், யார் இறுதி முடிவு சொல்கிறார், யார் பெயர் போகிறது. மூன்றுக்கும் விடை ஒரே ஆளாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலான சண்டைகள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் டியூனிங், அதாவது கம்பிகளுக்குச் சுருதி கூட்டும் முறை. பேண்டில் எல்லாரும் எந்த டியூனிங்கில் எழுதப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒருவர் டிராப் சி-யிலும் (கம்பிகளைத் தாழ்த்தி, தடிக்கம்பியை சி சுரத்துக்கு இறக்கும் முறை) இன்னொருவர் சாதாரண ஈ-யிலும் எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு ரிஃபையும் ஒரே பாட்டில் ஒட்டமுடியாது. "சுருதியை மாற்றி வாசித்தால் போச்சு" என்று நினைக்கலாம். மெட்டல் ரிஃப்களில் பாதி உயிர், விரல் அழுத்தாமல், உள்ளங்கை ஓரத்தால் அடக்கி (பாம் மியூட்) வாசிக்கும் திறந்த தடிக்கம்பியில் இருக்கிறது. சுருதியை நகர்த்தினால் அந்தத் திறந்த கம்பி போய்விடும், விரல் நடையும் மாறிவிடும். பிறகு அது வேறு ரிஃப்.

இரண்டாவது, எல்லாரும் க்ளிக் வைத்துப் பதிவு செய்யும் பழக்கம். போனில் பதிந்தாலும் பரவாயில்லை, பின்னணியில் மெட்ரோனோம் ஓடட்டும். வேகம் தெரியாத ரிஃபை இன்னொருவர் எடுத்து வேலை செய்யமுடியாது.

மூன்றாவது, பொதுக் கோப்புறை ஒன்று, அதற்கு வேறொரு இடத்தில் நகல் ஒன்று. நகலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெட்டாலிக்காவின் கிட்டாரிஸ்ட் கிர்க் ஹேமட் 2014-இல் போனைத் தொலைத்தார். அதில் நூற்றுக்கணக்கான ரிஃப் யோசனைகள் இருந்தன, நகல் இல்லை. 2016-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தில் அவர் பெயரில் ஒரு பாட்டுகூட இல்லை.

நான்காவது, பாடகரின் எல்லை. வசதியாகப் பாடக்கூடிய மிகத் தாழ்ந்த சுரம், மிக உயர்ந்த சுரம், ஒரே மூச்சில் எத்தனை அசை உறுமமுடியும் என்பதையெல்லாம் எழுதிவைத்துக் கிட்டாரிஸ்டுகளிடம் கொடுங்கள். இதைக் கேட்காமலே எழுதி முடித்துவிட்டு, கடைசியில் "நீ கொஞ்சம் மேலே பாடு" என்று சொல்வது வழக்கமாக நடக்கும் கூத்து.

1. யாரால் என்ன முடியும் என்று பட்டியலிடுங்கள்

வாத்தியத்தை மறந்துவிட்டுத் திறமையைப் பாருங்கள். ரிஃப் உண்டாக்குவது, கட்டமைப்பு போடுவது (பகுதிகளை வரிசைப்படுத்துவது), குரல் மெட்டு, வரிகள், டெமோ பதிவு என ஐந்து தலைப்புகள் போதும். ஒவ்வொருவரும் தனக்கு எது வரும் என்று தனியாக எழுதட்டும், பிறகு ஒப்பிடுங்கள்.

காரணம், திறமை எந்த மூலையில் இருக்கும் என்று சொல்லமுடியாது. பிளாக் சபாத்தின் ஆரம்ப ஆல்பங்களில் ரிஃப் டோனி ஐயோமி, குரல் மெட்டு ஆஸி ஆஸ்பர்ன், ஆனால் வரிகளில் பெரும்பகுதி பேஸிஸ்ட் கீஸர் பட்லருடையவை. மெஷுகாவில் பெரும்பாலான வரிகளை எழுதுபவர் டிரம்மர் தோமஸ் ஹாக்கே. அயர்ன் மெய்டனின் முதன்மைப் பாட்டாசிரியர் பேஸிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ். நைட்விஷில் அந்த இடம் கீபோர்ட் வாசிக்கும் துவோமஸ் ஹோலோபைனனுக்கு. இவர்கள் வாத்தியக் கணக்கில் வேலை பிரித்திருந்தால் பட்லரும் ஹாக்கேவும் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஒரு தலைப்பில் யாருமே பெயர் எழுதவில்லை என்றால் அதுதான் உங்கள் பேண்டின் ஓட்டை. அநேகமாக அது "கட்டமைப்பு" ஆக இருக்கும்.

2. பெயரும் பங்கும் எப்படி என்பதை முதல் ரிஃபுக்கு முன்பே பேசுங்கள்

"பாட்டே இல்லை, அதற்குள் பணப் பேச்சா?" என்று யாராவது ஒருவர் சொல்வார். பாட்டு இல்லாதபோதுதான் பேசமுடியும். பாட்டு வந்தபிறகு ஒவ்வொருவருக்கும் தன் பங்கு பெரிதாகவே தெரியும்.

பொதுவாக மூன்று முறைகள் உண்டு. எல்லாப் பாட்டுக்கும் எல்லார் பெயரும் சமமாகப் போடுவது ஒன்று. சபாத்தின் ஆரம்ப ஆல்பங்களில் நால்வர் பெயரும் இப்படித்தான் வந்தது. அந்தந்தப் பாட்டை எழுதியவர் பெயரை மட்டும் போடுவது இரண்டாவது. மெட்டாலிக்காவில் பாடகர் ஹெட்ஃபீல்ட், டிரம்மர் உல்ரிக் இருவர் பெயரும் பெரும்பாலும் நிலையாக இருக்க, மற்றவர் பெயர் பாட்டுக்குப் பாட்டு மாறும். ஜூடாஸ் ப்ரீஸ்டின் பாட்டுகளில் ஹால்ஃபோர்ட், டிப்டன், டவுனிங் என்ற மூவர் கூட்டைப் பார்க்கலாம். ஒரு பகுதியைச் சமமாகப் பிரித்து, மிச்சத்தை உழைப்புக்கு ஏற்பக் கொடுப்பது மூன்றாவது முறை.

சமப் பங்கில் ஒரு நன்மை இருக்கிறது. தன் ரிஃப் நுழைந்தால்தான் காசு என்ற எண்ணம் இல்லாததால், மோசமான ரிஃபுக்காக யாரும் மல்லுக்கட்டமாட்டார்கள். எதிர்ப்பக்கம், ஒருவரே எழுதிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆல்பத்துக்குள் அவர் புழுங்கத் தொடங்குவார். புதிய பேண்டுக்கு என் பரிந்துரை மூன்றாவது முறை. கணக்கை 9-ஆவது படியில் போட்டுக் காட்டுகிறேன்.

எது "எழுதுவது" ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ரிஃப், குரல் மெட்டு, வரிகள் ஆகியவற்றில் சந்தேகம் இல்லை. டிரம் நிரப்பல், கிட்டார் சோலோ, கட்டமைப்பு ஆகிய மூன்றும்தான் தகராறுக்கு உரியவை. கட்டமைப்பைக் கட்டாயம் எழுத்தாக எண்ணுங்கள் என்பேன். சோலோவை எண்ணுவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே விதி இருக்கட்டும்.

3. ரிஃப் வங்கி

ஒரு கோப்பில் ஒரே ரிஃப். அதை நாலு சுற்று வாசித்து நிறுத்திவிடுங்கள். கோப்பின் பெயரில் தேதி, டியூனிங், வேகம் மூன்றும் இருக்கட்டும். எழுதியவர் பெயர் கோப்பின் தலைப்பில் வேண்டாம், அதைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

பெயரை ஏன் ஒளிக்கவேண்டும்? வாரம் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து கேட்டு மதிப்பெண் போடும்போது, "இது நம் பேண்டின் தலைவருடையது" என்று தெரிந்தால் கைகள் தானாக உயரும். யாருடையது என்று தெரியாமல் கேட்டால், அமைதியாக இருக்கும் இரண்டாவது கிட்டாரிஸ்டின் ரிஃப் முதலிடம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, முழுப் பாட்டையும் கொண்டு வருவது. ஐந்து நிமிஷ டெமோவில் டிரம்ஸ், பேஸ், சோலோ எல்லாம் போட்டு முடித்துக் கொண்டுவந்தால் மற்றவர்களுக்கு மிச்சம் இருப்பது கூலி வேலைதான். "இந்த இடத்தில் மாற்றலாமா?" என்றாலே அவருக்குக் கோபம் வரும். தனியாளாக எல்லாம் எழுதும் பேண்டு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் அது வேறு. இல்லாவிட்டால் ரிஃப் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பொறுப்பாளர்

அதிக மதிப்பெண் பெற்ற ரிஃபை எடுத்து, அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். ரிஃப் எழுதியவரே பொறுப்பாளராக இருக்கவேண்டியதில்லை. சொல்லப்போனால் வேறொருவராக இருப்பது நல்லது. தான் பெற்ற ரிஃபை வெட்ட யாருக்கும் மனசு வராது.

பொறுப்பாளரின் வேலை மூன்று: பாட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது, அடுத்த வேலையை இன்னாரிடம் என்று கொடுப்பது, இரண்டு கருத்து சமமாக நிற்கும்போது முடிவு சொல்வது. அடுத்த பாட்டுக்கு வேறொரு ஆள். ஒரே ஆள் எல்லாப் பாட்டுக்கும் முடிவு சொன்னால் அவர் பேண்டின் முதலாளி ஆகிவிடுவார். அதுவும் ஒரு வழிதான், ஆனால் தெரிந்தே செய்யுங்கள்.

5. கட்டமைப்பு: கிட்டாரும் டிரம்ஸும் மட்டும்

இந்தக் கட்டத்துக்கு எல்லாரையும் அழைக்காதீர்கள். ரிஃப் எழுதியவர், டிரம்மர், பொறுப்பாளர் ஆகிய மூவர் போதும். ஐந்து பேர் நின்றால் இரண்டு பேர் போனைப் பார்ப்பார்கள், ஒருவர் சோலோ வாசிப்பார்.

டிரம்மர் இங்கே வெறும் துணை அல்ல. ஒரே ரிஃபை, ஒரே வேகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் டிரம்) 2-ஆம், 4-ஆம் அடியில் விழுந்தால் நேரான நடை. 3-ஆம் அடியில் மட்டும் விழுந்தால் பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கிக் கனத்துவிடும். அடிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு அரையிலும் விழுந்தால் அதுவே த்ராஷ் என்னும் வேக மெட்டலின் ஓட்டம். கிட்டார் ஒரு சுரம்கூட மாறவில்லை, ஆனால் கேட்பவருக்கு மூன்று வேறு பகுதிகள். ஆகவே "எத்தனை ரிஃப் வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை பாதி டிரம்மரிடம் இருக்கிறது. மூன்று நல்ல ரிஃப் இருந்தால் ஒரு பாட்டு கட்டலாம். புதிய பேண்டுகள் ஒன்பது ரிஃபைக் கோத்துவிட்டு, கேட்பவருக்கு ஏன் எதுவும் நினைவில் நிற்கவில்லை என்று யோசிக்கின்றன.

கட்டமைப்பு எவ்வளவு பெரிய பங்களிப்பு என்பதற்கு மெட்டாலிக்காவின் 'என்டர் சாண்ட்மேன்' நல்ல சாட்சி. ஹேமட் கொண்டுவந்த ரிஃபில் முதல் பாதியும் அதன் வாலும் மாறி மாறி வந்தன. முதல் பாதியை மூன்று முறை வாசித்துவிட்டுப் பிறகு வாலைப் போடு என்று சொன்னவர் டிரம்மர் உல்ரிக். புதிதாக ஒரு சுரமும் சேரவில்லை. ஆனால் 1991 முதல் உலகம் முணுமுணுப்பது அந்த வடிவத்தைத்தான்.

செய்யும் முறை: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துண்டுச்சீட்டு. அதில் ரிஃபின் எண், எத்தனை சுற்று, டிரம்ஸ் நடை என்ன என்று எழுதித் தரையில் வரிசையாக வையுங்கள். வாத்தியத்தைத் தொடாமல் இரண்டு மூன்று வரிசைகளை மாற்றிப் பாருங்கள், பிறகு வாசியுங்கள். வாசித்துக்கொண்டே யோசித்தால் கைக்கு எளிதானதுதான் அடுத்து வரும். சுற்றுகளை எண்ணும்போது குரல் வரும் பகுதிகளுக்கு "இது தற்காலிகம்" என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் அவை மாறும்.

6. குரல் மெட்டு, அதற்குத் தத்தகாரம்

வரிகளுக்கு முன் மெட்டு. சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் தத்தகாரம் கொடுத்துக் கவிஞர் எழுதுவதுபோல, பாடகர் பொருளில்லாத அசைகளை வைத்து ரிஃபின்மேல் பாடிப் பதியட்டும். உறுமல் பாணியில் சுரம் குறைவாக இருந்தாலும் அசைகளின் தாளம் இருக்கிறது, அதையும் இப்படியே பதியவேண்டும்.

வரிகளை முதலில் எழுதினால் என்ன ஆகும்? எழுதியவர் தன் வரிகளை விட்டுக்கொடுக்கமாட்டார். நீளமான வாக்கியத்தை ரிஃபுக்குள் திணிக்கப் பார்ப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் நாலடிச் சுற்று ஒன்று ஏறத்தாழ 1.33 விநாடி. அதில் எட்டு அசை வைத்தால் விநாடிக்கு ஆறு அசை. சில விநாடிகளுக்குச் சரி. நாலு வரிக்கு மூச்சு விடாமல் அதையே செய்யச் சொன்னால் மேடையில் மூன்றாவது பாட்டிலேயே பாடகர் காலி.

பாடகர் பாடும்போது கிட்டாரிஸ்டும் அருகில் இருக்கவேண்டும். குரல் நுழையும் இடத்தில் ரிஃபை எளிமையாக்குவது அவர் வேலை. குரலும் ரிஃபும் ஒரே தாளத்தில் போனால் குத்து கிடைக்கும், எதிரெதிராகப் போனால் பதற்றம் கிடைக்கும். எது வேண்டுமென்று பகுதிக்குப் பகுதி தேர்ந்தெடுங்கள். இரண்டும் தெரியாமல் பாதிப்பாதியாகப் போனால் சேறு.

ஒரு சங்கடமான விஷயம். குரல் மெட்டு இசையின் பகுதி, வரிகளின் பகுதி அல்ல. வரிகளைப் பேஸிஸ்ட் எழுதி, மெட்டைப் பாடகர் போட்டிருந்தால் பாடகருக்கும் பங்கு உண்டு. "அவன் பாடத்தானே செய்தான்" என்று இதை விழுங்கிவிடுவது சர்வசாதாரணம்.

7. வரிகள்: எழுதுபவரும் பாடுபவரும்

தத்தகாரப் பதிவை வரி எழுதுபவரிடம் கொடுங்கள். அவர் அசை எண்ணிக்கையை மதிக்கவேண்டும். நீண்டு நிற்கும் உயர்ந்த சுரத்தில் வாய் திறக்கும் உயிரெழுத்து வரவேண்டும். ஆ, ஓ போன்றவை நிற்கும், இகரத்தில் தொண்டை இறுகும். உறுமலுக்கு நேர்மாறான தேவை: க, ட, ற போன்ற வல்லினங்கள் தாளத்தைக் காட்டிக்கொடுக்கும், மெல்லினங்கள் இரைச்சலில் கரைந்துபோகும்.

பாடுபவருக்கு மறுக்கும் உரிமை வேண்டும். எழுதியவர் யாராக இருந்தாலும் கூட்டத்தின் முன் அந்தச் சொல்லுக்கு முகம் கொடுப்பவர் அவர்தான். மறுத்தால் மாற்றை அவரே எழுதவேண்டியதில்லை, எழுதியவர் இன்னொன்று தரட்டும்.

8. பேஸ், சோலோ, பிறகு வெட்டு

பேஸுக்கு மூன்று வழி இருக்கிறது. கிட்டாரோடு ஒட்டி ஓடலாம், கிட்டார் வேகமெடுக்கும்போது காலால் அடிக்கும் கிக் டிரம்முடன் நின்று தாங்கலாம், ஹாரிஸ் போலத் தனி வழி போகலாம். எந்தப் பகுதிக்கு எது என்பதைப் பேஸிஸ்டே முதலில் சொல்லட்டும், பொறுப்பாளர் கேட்டுவிட்டுப் பேசட்டும். "சும்மா ரூட் (அடிச் சுரம்) போடு" என்பது வேலையைக் கொடுப்பது ஆகாது.

சோலோவைக் கடைசியில் வையுங்கள். குரல் மெட்டு தெரிந்தபிறகுதான் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். சோலோவின் அடியில் ஓடும் ரிஃபை மற்றக் கிட்டாரிஸ்ட் எழுதினால் சோலோ வாசிப்பவர் தன் பழக்கமான விரல் வழிகளை விட்டு வெளியே வருவார்.

பிறகு முழு டெமோ ஒன்று. ஒருநாள் விட்டுக் கேளுங்கள். ஒவ்வொருவரும் வெட்டவேண்டிய ஒரு இடத்தைக் குறிக்கவேண்டும், அதுவும் தன் சொந்தப் பகுதியிலிருந்து. இந்த ஒரு விதி பாட்டைச் சுருக்குவதுபோல வேறெதுவும் சுருக்காது.

கருத்து மோதினால் வாயால் வாதிடக்கூடாது. வேண்டாம் என்பவர் மாற்று ஒன்றை வாசித்துக் காட்டவேண்டும். இரண்டையும் பதிந்து, மறுநாள் வாத்தியம் இல்லாமல் கேளுங்கள். அப்போதும் சமமாக நின்றால் பொறுப்பாளர் சொல்வதே முடிவு, மறு விவாதம் இல்லை. வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். யாருடைய ஆம்ப் சத்தமாக இருக்கிறதோ அவர் ஜெயிப்பார்.

9. பங்குத்தாள்: பாட்டு முடிந்த அன்றே

பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரும் செய்த வேலை, சதவீதம், கையெழுத்து. அரைப் பக்கம்தான். ஸ்டுடியோவுக்குப் போகுமுன் முடித்துவிடுங்கள். பதிவுக்குப் பின் யார் எதை உருவாக்கினார், யார் அதை நன்றாக வாசித்தார் என்ற வித்தியாசம் நினைவிலிருந்து அழிந்துவிடும்.

நான்கு பேர் கொண்ட பேண்டுக்கு நான் சொன்ன கலப்பு முறையில் ஒரு கணக்கு: 100-இல் 40 சமம், ஆளுக்கு 10. மிச்சம் 60-இல் ரிஃப் 20, வரிகள் 20, குரல் மெட்டு 10, கட்டமைப்பு 10. கிட்டாரிஸ்ட் ரிஃப் எழுதினார், மொத்தம் 30. பேஸிஸ்ட் வரிகள், 30. பாடகர் மெட்டு, 20. டிரம்மர் கட்டமைப்பு, 20. இரண்டு பேர் சேர்ந்து ரிஃப் எழுதியிருந்தால் அந்த 20-ஐ அவர்களுக்குள் பிரியுங்கள். எந்த ரிஃப் எத்தனை விநாடி ஓடியது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கும் பேண்டுகளும் உண்டு. அந்த வழி வேண்டாம். எல்லாரும் தன் ரிஃபை இன்னும் இரண்டு சுற்று ஓட்டப் பார்ப்பார்கள்.

விலகிப்போகும் உறுப்பினரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். கிட்டாரிஸ்ட் டேவ் மஸ்டெய்ன் 1983-இல் மெட்டாலிக்காவிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் அவர் வாசிக்கவே இல்லை, ஆனால் நான்கு பாட்டுகளில் எழுதியவர்களுள் ஒருவராக அவர் பெயர் இருக்கிறது. ஆள் போனாலும் எழுத்தின் பங்கு போகாது. பங்கை விட்டுக்கொடுக்கவேண்டும் என்றால் அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். ஒரு நாள் வந்து சோலோ வாசித்துப்போகும் விருந்தாளிக்கும், ஸ்டுடியோவில் பிரிட்ஜை (நடுவில் வரும் இணைப்புப் பகுதியை) மாற்றிக் கொடுக்கும் தயாரிப்பாளருக்கும் பங்கு உண்டா இல்லையா என்பதை அவர்கள் வருமுன்பே சொல்லிவிடுங்கள்.

10. பதிவு செய்யும்போது

எழுதப்பட்ட பாட்டும் அதன் ஒலிப்பதிவும் இரண்டு தனிச் சொத்துகள். பாட்டுக்கான சர்வதேச எண் ஐஎஸ்டபிள்யூசி, ஒலிப்பதிவுக்கானது ஐஎஸ்ஆர்சி. பங்குத்தாள் முதலாவதைப் பற்றியது மட்டுமே. ஒலிப்பதிவில் யாருக்கு என்ன என்பதற்கு இன்னொரு தாள் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் பின்னால் திணறுபவர்கள் அதிகம்.

பாட்டு எழுதியவர்களுக்கு உரிமத்தொகை வசூலித்துத் தரும் உரிமைச் சங்கத்தில் பதியும் வேலையை ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன் பங்கைப் பதிந்து, கூட்டினால் 100-ஐத் தாண்டும்போது பணம் நிறுத்திவைக்கப்படலாம். பெயர் எழுத்துகள் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், மேடைப்பெயர் வைத்திருப்பவர்கள் குறிப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் வாசித்து வாசித்துப் பாட்டு மாறி, புதிய பகுதியோடு மீண்டும் பதிவானால், பழைய தாளைக் கிழிக்காமல் புதுத் தேதியிட்ட தாள் ஒன்றில் எல்லாரிடமும் மறுபடி கையெழுத்து வாங்குங்கள்.